ஒளிரும் மூலக்கூறும் எங்கள் ஊர்க் கிணறும்

மணமக்கள் வாயிற்படி ஏறுமுன் ஆரத்தி சுற்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தட்டிலுள்ள நீர் செக்கச் செவேலென்று இருக்கும். அதில் சிவப்புச் சாயம் எதுவும் கலப்பதில்லை. மஞ்சள் தூளையும் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பையும் நீரில் கரைத்தால் அந்தச் சிவப்புத் தானே வந்துவிடுகிறது. மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் பொருள் காரத்தைக் கண்டால் சிவக்கும். அதே தட்டில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் நீரில் கரைந்திருக்கும் ஒன்றைத் தேடிப் பிடித்து, பிடித்த செய்தியை நிறத்தாலோ ஒளியாலோ நமக்கு அறிவிக்கும் இத்தகைய பொருளை வேதியியலார் ‘வேதி உணரி’ என்பர். நம் பாட்டிமார் அப்பெயரை அறியாமலே அதைக் கையாண்டு வந்தனர்.

நிறத்தால் அறிவிக்கும் உணரிகளைவிட ஒளியால் அறிவிக்கும் உணரிகள் நுட்பமானவை. நீரிலும் உயிரணுக்களிலும் கலந்துள்ள நச்சு அயனிகளைக் காட்டிக் கொடுக்க இவ்வகை மூலக்கூறுகளை உலகெங்கும் ஆய்வகங்களில் செய்து வருகின்றனர். என் முதுகலைப் படிப்பின் ஆய்வுப் பகுதியும் இதுவே. நான் இதனைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அது பல்லைப் பற்றியது.

எங்கள் சொந்த ஊர் தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுக்கு அருகே ஒரு சிற்றூர். எனக்கு ஒரு வயது நிறையுமுன்னே என் தந்தையார் பிழைப்புத் தேடி மைசூருக்கு வந்து, அக்ரஹாரத்தில் குடியேறினார். என் பெரியப்பா மகன் என்னைவிட நான்கு மாதம் மூத்தவன். அவன் ஊரிலேயே வளர்ந்தான். நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படங்களில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன்; அவன் வாயை மூடிக்கொண்டு நிற்பான். அவன் முன்பற்களில் காவி நிறத்தில் பட்டை பட்டையாகக் கறை இருக்கிறது. உப்பு வைத்துத் தேய்த்தாலும் கரி வைத்துத் தேய்த்தாலும் அது போவதில்லை. போகாது, ஏனெனில் அது பல்லின்மேல் படிந்த அழுக்கன்று. பல் உருவாகும்போதே அதன் மேற்பூச்சான எனாமலுக்குள் விளைந்த குறை. குழந்தை எட்டு வயதுக்குள் எந்த நீரைக் குடித்ததோ, அந்த நீரின் கணக்கைப் பல் எழுதி வைத்துக்கொள்கிறது. எங்கள் இருவருக்கும் பாட்டன் ஒருவர், சோறு ஒன்று. நீர் மட்டுமே வேறு. நான் குடித்தது மைசூரின் குழாய்வழி வந்த ஆற்றுநீர். அவன் குடித்தது ஆழ்குழாய்க் கிணற்றின் நீர். அந்நீரில் புளோரைடு மிகுதி.

புளோரைடு சிறிதளவு இருந்தால் பல்லுக்கு நல்லதே. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தரக் கட்டளை கூறுகிறது. உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லையும் 1.5தான். அதற்கு மேற்பட்டால் குழந்தைகளின் பல் கெடும். அளவு இன்னும் மிகுந்து ஆண்டுகள் பல சென்றால் எலும்பில் ஏறும். எலும்பு தடித்து, மூட்டுகள் இறுகி, முதுகெலும்பு கழிபோல் விறைத்துவிடும். இந்நோயை நம் நாட்டில் முதன்முதல் விரிவாக ஆராய்ந்து எழுதியது தென்னாட்டில்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் குனிய முடியாமலும் திரும்ப முடியாமலும் இருந்த மக்களைச் சோதித்து, குடிநீரிலுள்ள புளோரைடே காரணம் என்று ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவரும் எழுதினர். கிண்டியிலுள்ள கிங் நிலையம் இவ்வாராய்ச்சியோடு தொடர்புடையது.

புளோரைடு எங்கிருந்து வருகிறது? ஆலைக் கழிவிலிருந்து வருவதென்று பலர் எண்ணுவர். எங்கள் பக்கத்தில் அவ்வாறில்லை, பாறையிலிருந்து வருகிறது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும், இங்கே கருநாடகத்தில் கோலாரும் பாவகடாவும், பழங்காலக் கருங்கற்பாறைமீது அமைந்தவை. அப்பாறையில் புளோரைடு கொண்ட கனிமங்கள் உண்டு. நீர் அதனிடையே நெடுநாள் தங்கும்போது புளோரைடு கரைந்து இறங்குகிறது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது புளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். கால்சியம் குறைந்து பைகார்பனேட்டு மிகுந்த நீரில் அந்தத் தடை இல்லை. இதனால் ஒரே ஊரில் ஒரு கிணற்றுநீர் நன்றாகவும், நூறு முழம் தள்ளியுள்ள மற்றொன்று நஞ்சாகவும் இருக்கக்கூடும். சுவையில் வேற்றுமை தெரியாது. காய்ச்சினால் போகுமென்று நினைப்பவர் உண்டு. காய்ச்சினால் நீர் வற்றிப் புளோரைடின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

இந்தக் கிணறா அந்தக் கிணறா என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். பல்லும் ஒரு சாட்சிதான். ஆனால் அது எட்டு ஆண்டு கழித்துச் சொல்லும் சாட்சி. அப்போது சொல்லி என்ன பயன்? உடனே சொல்லும் சாட்சியாக ஒளிரும் மூலக்கூறுகளை ஆக்க முடியுமா என்பதே கேள்வி.

அதற்கு முன், மூலக்கூறு எவ்வாறு ஒளிர்கிறது என்று பார்ப்போம். அறையிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று சொல்கிறேன். கடையில் விற்கும் ‘டானிக் வாட்டர்’ புட்டி ஒன்றும், ரூபாய் நோட்டு நல்லதா கள்ளதா என்று பார்க்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் புற ஊதா விளக்கு ஒன்றும் வேண்டும். அறையை இருட்டாக்கி விளக்கைப் புட்டிமீது காட்டினால், நிறமற்ற அந்நீர் நீலமாகச் சுடர்விடும். அந்நீரில் கசப்புக்காகச் சிறிது கொயினா சேர்த்திருக்கிறார்கள். மைசூரிலிருந்து கூடலூர் வழியாக உதகைக்குப் போகும் சாலையில் நடுவட்டம் என்னும் ஊர் இருக்கிறதல்லவா? 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அங்கே சின்கோனா மரங்களைப் பயிரிட்டு, மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாக எடுத்த அதே கொயினாதான் இது. கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரை அது உண்டு, கண்ணுக்குப் புலப்படும் நீல ஒளியாக உமிழ்கிறது. இதனை உடனொளிர்வு என்கிறோம். விளக்கை அணைத்த மறுகணமே அதுவும் அணைந்துவிடும்.

இனி அந்நீரில் ஒரு கரண்டி சமையல் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். நீலச் சுடர் மங்கிப் போகும். உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் கொயினா மூலக்கூறுமீது மோதி, அது ஒளியாக உமிழவேண்டிய ஆற்றலை வேறு வழியில் கழித்துவிடுகின்றன. உங்கள் கையில் இப்போது இருப்பது குளோரைடைக் காட்டும் ஓர் உணரி. எட்டணாச் சரக்குதான் என்றாலும் உணரி உணரியே. நான் இதை முதன்முதல் செய்து காட்டியபோது என் அறைத்தோழன், ‘உப்புப் போட்டு விளக்கை அணைத்துவிட்டாயே’ என்று வியந்தான்.

உடனொளிர்வுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘புளோரெசென்ஸ்’ என்ற பெயரை 1852இல் இட்டவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர். அவரும் கொயினாக் கரைசலை வைத்தே சோதனை செய்தார். ஆனால் பெயரைப் புளோர்ஸ்பார் என்னும் கனிமத்திலிருந்து எடுத்தார். சில புளோர்ஸ்பார்க் கற்களும் அவ்வாறு சுடர்விடுவதுண்டு. அக்கல் கால்சியமும் புளோரைடும் சேர்ந்த கல். புளோரின் என்னும் தனிமத்துக்குப் பெயர் வந்ததும் அதே கல்லிலிருந்துதான். எங்கள் ஊர் நீரைக் கெடுக்கும் பொருளுக்கும், அதைக் காட்டிக்கொடுக்க நாங்கள் நாடும் ஒளிக்கும் பெயர் தந்த கல் ஒன்றே! ஆயினும் புளோரைடு தானாக ஒளிர்வதன்று. அக்கல் சுடர்விடுவதுகூட அதில் கலந்துள்ள யூரோப்பியம் முதலிய வேறு தனிமங்களால்தான். ஆதலின் புளோரைடைப் பிடித்து ஒளிரவல்ல வேறொரு மூலக்கூறை நாமே கட்டவேண்டியிருக்கிறது.

கட்டும் முறைகளில் மிக அழகானதொன்றை வளர்த்தவர் நம் அண்டை நாடான இலங்கையில் பிறந்து, பெல்பாஸ்டு நகரின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரசன்ன டி சில்வா. அவர் மூலக்கூறுக்கு மூன்று உறுப்புகள் உண்டு: ஒளிரும் விளக்கு, அயனியைப் பிடிக்கும் கை, இரண்டையும் இணைக்கும் குட்டையான தண்டு. விளக்குப் பகுதி புற ஊதாக் கதிரை உண்டதும் அதிலுள்ள எலெக்ட்ரான் ஒன்று மேல் நிலைக்கு ஏறுகிறது. அது தன் பழைய இடத்துக்கு இறங்கும்போதுதான் ஒளி பிறக்கும். ஆனால் கையிலுள்ள நைட்ரசன் அணு சும்மா இருப்பதில்லை. காலியான இடத்தில் தன் எலெக்ட்ரானை அனுப்பி உட்கார வைத்துவிடுகிறது. தருமபுரிப் பேருந்தில் ஒருவர் தேநீர் குடிக்க இறங்கினால், அடுத்த நொடியில் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்களே, அதுபோலத்தான்! மேலே போன எலெக்ட்ரானுக்குத் தன் இடம் கிடைக்காமையால் ஒளி உண்டாவதில்லை. விளக்கு இருண்டு கிடக்கிறது. அயனி ஒன்று வந்து நைட்ரசனைப் பற்றிக்கொண்டால் கதை மாறுகிறது. கை அகப்பட்டுக்கொண்டவர் துண்டு போட முடியாதன்றோ? இடம் காலியாகவே இருக்க, எலெக்ட்ரான் இறங்கி வர, விளக்கு எரிகிறது. 1993இல் டி சில்வாவும் அவர் தோழர்களும் இரு அயனிகள் ஒருங்கே வந்தால் மட்டும் எரியும் மூலக்கூறு ஒன்றைச் செய்து காட்டினர். கணிப்பொறியின் ‘உம்’ வாயிலை ஒரு மூலக்கூறே செய்துவிட்டது என்று அறிவியல் உலகம் வியந்தது. அவர் வகுத்த அதே நெறியில் அமைந்த உணரிகள் மருத்துவமனைகளில் இரத்தத்திலுள்ள சோடியம் முதலியவற்றை அளக்கும் கருவிகளுக்குள்ளும் புகுந்தன.

கொயினாவும் உப்பும் போல் அணைந்து காட்டும் உணரியைவிட, இவ்வாறு எரிந்து காட்டும் உணரியையே வேதியியலார் விரும்புகின்றனர். காரணம் எளிது. கார்த்திகைத் தீபத்தன்று தெருவெல்லாம் விளக்கெரியும்போது ஒன்று அணைந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? அமாவாசை இருட்டில் ஒன்று எரிந்தால் ஊர் முழுதும் தெரியும். அன்றியும் விளக்கை அணைக்க நீரிலுள்ள கலங்கல், இரும்பு, செம்பு என்று எத்தனையோ பொருள்களால் முடியும். எரியவைப்பதற்கு உரியவனே வரவேண்டும்.

உரியவன் யார் என்பதை எப்படி அறிவது? ஒவ்வோர் அயனிக்கும் ஓர் ஆசை உண்டு. பாதரசத்துக்குக் கந்தகத்தின்மேல் ஆசை. ஆகவே கந்தகம் பொதிந்த கையை அமைத்தால் பாதரசம் வந்து பற்றும். ரோடமின் என்னும் சாயத்தைச் சுருட்டி மூடிவிட்டால் நிறமும் ஒளியும் இன்றிக் கிடக்கும். அயனி வந்து இழுத்ததும் மடிப்பு விரிந்து சுடர்விடும். 1997இல் சார்நிக்கின் குழுவினர் செம்பைக் காட்ட இவ்வழியைத் திறந்தனர். பின்னர் பாதரசத்துக்கும் இதே வழியில் எண்ணற்ற உணரிகள் வந்தன. கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று பாதரசக் கழிவு காரணமாக 2001இல் மூடப்பட்ட செய்தியை நீங்கள் அறிந்திருக்கலாம். பாதரசத்துக்குக் குடிநீரில் நம் நாட்டு எல்லை லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது புளோரைடுக்குக் கூறும் 1.5இல் ஆயிரத்தைந்நூறில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவைக் காட்ட ஒளியின் நுட்பம் வேண்டியதே.

நீரில் காண்பது ஒரு கலை. உயிருள்ள அணுவுக்குள் காண்பது அதனினும் அரிய கலை. இதில் ராஜர் சியென் என்னும் அமெரிக்க அறிஞரின் சாதுரியத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அவர் கால்சியத்தைப் பிடிக்கும் ஒளிர் மூலக்கூறுகளைச் செய்தார். அவற்றின் கைகளில் எதிர் மின்னூட்டம் இருந்தமையால் உயிரணுவின் கொழுப்புச் சவ்வு அவற்றை உள்ளே விடவில்லை. ஊசி கொண்டு குத்தினால் அணு சாகவும் கூடும். சியென் என்ன செய்தார் தெரியுமா? கைகளையெல்லாம் எஸ்டர் என்னும் போர்வையால் மூடினார். மின்னூட்டம் மறைந்ததும் மூலக்கூறு சவ்வின் வழியே உள்ளே நுழைந்தது. உள்ளே உள்ள நொதிகள் போர்வையைக் கிழித்தன, கைகள் வெளிப்பட்டன, இனி வெளியேற வழியில்லை. உள்ளே சிறைப்பட்டபடியே அது கால்சியத்தைப் பிடித்துப் பிடித்துச் செய்தி சொன்னது. 1985இல் வந்த ‘பியூரா-2’ என்னும் அவர் மூலக்கூறு, உயிரணு ஒன்றில் கால்சியம் அலையலையாக எழுந்து அடங்குவதைக் கண்ணால் காணவைத்தது. பச்சை ஒளிர் புரதம் பற்றிய பணிக்காக 2008இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கென்னவோ அந்தப் போர்வைத் தந்திரத்துக்கே ஒரு பரிசு கொடுக்கலாம் என்று தோன்றும். இன்று புளோரைடையும் உயிரணுவுக்குள் காண இவ்வகையில் முயல்கின்றனர். எனாமலை ஆக்கும் அணுக்களுக்குள் புளோரைடு என்ன தொல்லை செய்கிறது என்பது என் பெரியப்பா மகனின் பல் பற்றிய கேள்வியுமாகும்.

இனி என் கதைக்கு வருகிறேன். புளோரைடுக்குச் சிலிக்கன்மேல் ஆசை. சிலிக்கனும் புளோரினும் சேரும் பிணைப்பு ஒற்றைப் பிணைப்புகளுள் மிக வலியவற்றில் ஒன்று. ஆகவே கூமரின் வகைச் சாயம் ஒன்றை எடுத்து, அதன் ஒளிரும் முனையைச் சிலிக்கன் மூடியால் மூடினேன். புளோரைடு வந்து மூடியைக் கழற்றினால் நீல ஒளி வரவேண்டும். மூன்று மாத உழைப்புக்குப்பின் மூலக்கூறு கைக்கு வந்தது. அதனை அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானில் கரைத்து, டெட்ராபியூட்டைல் அமோனியம் புளோரைடை ஒரு துளி விட்டேன். இருண்ட குப்பி நீலமாகப் பற்றியது! அன்று மாலை மானசகங்கோத்திரியிலிருந்து அக்ரஹாரம்வரை நடந்தே வந்தேன்; பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போய் எங்கள் தெருக் குழாய்க் கிணற்றின் நீரைப் பிளாஸ்டிக் புட்டியில் கொண்டுவந்தேன். ஆய்வகத்து மின்முனையால் அளந்தபோது எல்லையைப்போல் இரு மடங்குக்கு மேல் புளோரைடு இருந்தது. அந்நீரை என் மூலக்கூறுமீது விட்டேன். ஒன்றும் நிகழவில்லை. பத்து நிமிடம் பார்த்தேன். குப்பி இருண்டே இருந்தது.

என் வழிகாட்டியிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. ‘நீரில் புளோரைடு தனியாகவா இருக்கிறது?’ என்று மட்டும் கேட்டார். அதுதான் குறை. கரைப்பானில் நான் விட்ட புளோரைடு ஆடையின்றி நின்ற புளோரைடு. நீரில் அது கலியாண வீட்டு மாப்பிள்ளைபோல் இருக்கிறது. சுற்றிலும் உறவினர் சூழ்ந்து நிற்க, நாம் போய் ஒரு வார்த்தை பேச முடிகிறதா? புளோரைடு மிகச் சிறிய அயனியாதலால் நீர் மூலக்கூறுகள் அதனை நெருங்கி இறுகப் பற்றுகின்றன. ஒரு மோல் புளோரைடை நீரின் பிடியிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 500 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். குளோரைடுக்கு அவ்வளவு வேண்டுவதில்லை. இந்தத் துறையில் புளோரைடு உணரி என்று அச்சேறிய மூலக்கூறுகளில் மிகப் பல, நீரில்லாத கரைப்பானில் மட்டுமே வேலை செய்பவை. முன்னுரையில் குடிநீரையும் எலும்பு நோயையும் பற்றி ஒரு பத்தி இருக்கும். சோதனைப் பகுதியில் ஒரு சொட்டுக் குடிநீர் இருக்காது. என் முதல் அறிக்கையும் அப்படித்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீரிலுள்ள மற்றவர்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைடும் 300 மில்லிகிராம் பைகார்பனேட்டும் உள்ள கிணற்றுநீரில், ஒரு புளோரைடு அயனிக்கு அறுபதுக்கு மேற்பட்ட பைகார்பனேட்டு அயனிகள் நிற்கின்றன. அவற்றால் நீர் காரமாகிறது. காரநீர் புளோரைடு இல்லாமலே என் சிலிக்கன் மூடியை மெல்ல மெல்லக் கழற்றிவிடுகிறது. சோப்புப் போன்ற ஒரு பொருளைச் சேர்த்தால் அதன் நுண்திரள்களுக்குள் என் மூலக்கூறும் புளோரைடும் நெருங்கிச் சந்திக்கும் என்று படித்து, அதையும் செய்தேன். ஒளி வந்தது. ஆனால் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் புளோரைடே இல்லாத காரநீரும் சிறிது ஒளிர்ந்துவிட்டது. பொய்ச்சாட்சி சொல்லும் உணரியை நம்பி ஒரு கிணற்றை மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது.

மனம் சலித்திருந்தபோது பழைய முறை ஒன்று கைகொடுத்தது. 1867இல் கோப்பெல்ஸ்ரோடர் என்னும் சுவிட்சர்லாந்து வேதியியலார், மோரின் என்னும் மஞ்சள் சாயம் அலுமினியத்தோடு சேர்ந்தால் பச்சையாக ஒளிர்வதைக் கண்டு, அதைக்கொண்டு அலுமினியத்தைச் சோதித்தார். உடனொளிர்வைப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தியதில் இதுவே முதலாவது என்பர். மோரின் அயல்நாட்டுச் சரக்கென்று நினைக்க வேண்டா. பலாமரத்து வைரத்தின் மஞ்சளுக்குக் காரணம் அதுவே. இந்த மோரின்–அலுமினியக் கரைசலில் புளோரைடு விழுந்தால் அது அலுமினியத்தைப் பறித்துக்கொள்ளும்; ஒளி குறையும். புளோரைடுக்கு அலுமினியத்தின்மேல் உள்ள ஆசை நீரின் பிடியையும் மீறக்கூடியது. நஞ்சுநீரில் படிகாரத்தையும் சுண்ணாம்பையும் இட்டுப் புளோரைடை நீக்கும் நல்கொண்டா முறையும் அலுமினியத்தை நம்பியதே. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தார் வகுத்த முறை அது.

எங்கள் ஊர் நீரை இட்டதும் பச்சை ஒளி மங்கியது. அக்ரஹாரத்துக் குழாய்நீரை இட்டால் அவ்வளவு மங்கவில்லை. மூன்று மாதம் உழைத்துச் செய்த என் மூலக்கூறு சொல்ல மறுத்ததை நூற்றைம்பது ஆண்டுப் பழஞ்சரக்கு சொல்லிவிட்டது. இதிலும் குறைகள் உண்டு. இது அணைந்து காட்டும் வகை. கரைசலின் புளிப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். பாஸ்பேட்டு இருந்தால் அதுவும் அலுமினியத்தைப் பறிக்கும். இருந்தும் நீரில் வேலை செய்கிறது. 1966இல் பிரான்ட், ராஸ் இருவரும் அமைத்த லாந்தனம் புளோரைடுப் படிக மின்முனையே துல்லியத்தில் தலைசிறந்தது. ஆனால் அதனைத் தெருக்குழாய்தோறும் தூக்கிச் செல்ல இயலாது. ஊர்களுக்கென உள்ள சோதனைப் பெட்டிகளில் சிர்க்கோனியச் சாயம் இருக்கிறது. இளஞ்சிவப்பு எவ்வளவு வெளுத்தது என்று அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். நண்பகல் வெயிலில் 1க்கும் 1.5க்கும் உள்ள வேற்றுமையை அந்த அட்டையில் காண்பது எளிதன்று. நான் முயன்றிருக்கிறேன்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குச் சென்றிருந்தேன். என் ஆயா திண்ணையில் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். மடக்கி உட்கார அவரால் முடியாது. ‘மைசூருல என்னடா கண்ணு படிக்கிற?’ என்று கேட்டார். தண்ணீரிலுள்ள விஷத்தை வெளிச்சம் போட்டுக் காட்டும் மருந்து செய்கிறேன் என்றேன். ‘காட்டிட்டாப் போதுமா? நல்ல தண்ணி வரணுமில்ல?’ என்றார்.

அவர் கேட்டதில் தவறில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சப்பானிய நிதியுதவியுடன் நிறைவேறி 2013இல் தொடங்கியது; தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரிநீர் வந்தது. மைசூருக்கு அருகே ஓடும் காவிரிதான் அங்கே போய்ச் சேர்கிறது. அப்போது என் பெரியப்பா மகனுக்குப் பதினொரு வயது. பல் எழுதவேண்டியதை எழுதி முடித்துவிட்டது. அதற்குப்பின் பிறந்த என் சித்தப்பா மகள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். ஆனால் குழாயில் நீர் வராத நாட்களில் எங்கள் தெருவினர் பழைய ஆழ்குழாய்க் கிணற்றுக்கே குடம் தூக்குகின்றனர். அந்த நாட்களுக்கு எந்தக் கிணறு என்று தெரியவேண்டாமா? இதை நான் சொன்னதும் ஆயா சிறிது நேரம் யோசித்துவிட்டு, ‘அப்போ மாரியம்மன் கோயில் கெணத்தையும் பாரு, அது பாறையில இறங்காத கெணறு’ என்றார்.

இப்போது மோரினையும் அலுமினியத்தையும் வடிதாள் துண்டுகளில் ஏற்றி உலர்த்திப் பார்த்து வருகிறேன். கடைக்காரரின் ஊதா விளக்கொன்றும் ஓர் இருட்டுப் பெட்டியும் போதும். தாள் முழுதும் ஒரே சீராக ஏறமாட்டேன் என்கிறது, ஓரத்தில் திரண்டுகொள்கிறது. வரும் கோடைக்குள் இது சரியானால், கோயில் கிணற்றையும் சேர்த்து எங்கள் ஊரிலுள்ள ஏழு கிணறுகளின் நீரையும் மின்முனையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். சங்க நண்பர்களில் கிருஷ்ணகிரி, கோலார்ப் பக்கத்தார் யாரேனும் ஊருக்குப் போய்வந்தால் ஒரு புட்டி கிணற்றுநீர் கொண்டுவந்து தருமாறு வேண்டுகிறேன். கண்ணாடிப் புட்டி வேண்டா, பிளாஸ்டிக் புட்டியாக இருக்கட்டும்; எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம் என்று மேலே ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.